கண்ணாடிப் பெட்டிக்குள் கடல்



பேராக் மாநிலத்துக் கோலகங்சாருக்குப் போய் வந்தவர்கள் அங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கும் முதிய பால்மரத்தைப் பார்த்திருக்கலாம். 1877-ஆம் ஆண்டில் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த ஒன்பதில் மிஞ்சியது இது என்றுதான் அந்த மரத்தைக் காட்டுகிறார்கள். நம் பாட்டன் பூட்டன்மாரில் மிகப் பலர் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்ததும், லயத்து வீடுகளில் நம் தாய் தந்தையர் பிறந்து வளர்ந்ததும் அந்த நாற்றுகளைத் தொடர்ந்து நடந்தவைதாம்.

ஆனால் இன்று நாம் பேச வந்தது பால்மரத்தைப் பற்றி அன்று. கடல் மீனையும் உயிருள்ள பவளத்தையும் வீட்டிலே ஒரு கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கும் கலை எப்படிப் பிறந்தது, புதிதாகத் தொடங்குகிறவர் அதிலிருந்து என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் பேச்சு. பால்மரத்துக்கும் பவளத்துக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். இரண்டுக்கும் தாய்வீடு ஒன்றே. அது ஒரு கண்ணாடிப் பெட்டி.

லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் நத்தானியேல் வார்டு என்றொரு மருத்துவர் இருந்தார். செடி வளர்ப்பதில் அவருக்கு அளவில்லாத ஆசை. ஆனால் ஆலைப் புகை சூழ்ந்த அந்த வட்டாரத்தில் வைத்த செடியெல்லாம் கருகிப் போயிற்று. 1829-ஆம் ஆண்டில் அவர் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணில் புதைத்து, ஒரு கண்ணாடிக் குடுவையில் இட்டு மூடிவைத்தார். பூச்சி எப்படி வெளிவருகிறது என்று பார்ப்பதே அவருடைய எண்ணம். சில நாளில் அந்த மண்ணிலிருந்து ஒரு சிறு பெரணிச் செடியும் ஒரு புல்லும் முளைத்தன. பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தது. பிறகு துளியாகி மண்ணுக்கே திரும்பியது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே அச்செடிகள் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் உயிரோடிருந்தன. மூடி துருப்பிடித்து, மழைநீர் உள்ளே இறங்கிய பிறகுதான் அவை மாண்டன.

இதை வைத்து வார்டு செய்ததுதான் 'வார்டு பெட்டி'. அதுவரை கடல் கடந்து அனுப்பிய செடிகளில் பெரும்பாலானவை உப்புக் காற்றிலும் தண்ணீர்ப் பஞ்சத்திலும் வழியிலேயே செத்துப் போயின. வார்டு பெட்டி வந்த பிறகு நிலைமை மாறியது. சீனத்துத் தேயிலைச் செடிகள் இந்தியாவுக்குப் போனது அந்தப் பெட்டியில்தான். 1876-இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுவந்தார். கியூ தோட்டத்தில் விதைத்தபோது அவற்றில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றிலிருந்து 1,919 நாற்றுகள் 38 வார்டு பெட்டிகளில் அடைக்கப்பட்டு அதே ஆண்டில் இலங்கைக்குக் கப்பலேறின. அதற்கடுத்த ஆண்டுதான் நாம் முதலில் சொன்ன 22 நாற்றுகளின் கதை.

செடியும் மண்ணும் காற்றும் ஒரு பெட்டிக்குள் தமக்குத் தாமே ஒத்துப்போய் வாழுமானால், மீனும் நீரும் அப்படி வாழாதா? வார்டே மீன்களையும் நீர்ச்செடிகளையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தார். ஆனால் கடல் என்பது வேறு சங்கதி. கடல்நீரை ஒரு பாத்திரத்தில் எடுத்துவைத்தால் இரண்டொரு நாளில் நாற்றமெடுத்து, உள்ளே உள்ள உயிரெல்லாம் செத்துவிடும். இது ஏன் என்று அன்றைக்கு எவருக்கும் சரியாகத் தெரியாது.

இந்த முடிச்சை அவிழ்க்கக் கைவைத்தவர்களில் முதன்மையான இருவர் பெண்கள். ஒருவர் பிரான்சு நாட்டு ஜான் வில்பிரே. செருப்புத் தைப்பவரின் மகள். பதினெட்டு வயதில் நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே பாரிஸ் போய், துணி தைத்துப் பிழைத்தவர். பிறகு பவர் என்ற வணிகரை மணந்து, இத்தாலியின் சிசிலித் தீவில் மெசினா என்ற துறைமுகத்தில் குடியேறினார். அந்தக் கடலில் மெல்லிய வெள்ளை ஓட்டுக்குள் வாழும் ஒருவகைப் பேய்க்கணவாய் உண்டு. அந்த ஓட்டை அது தானே கட்டுகிறதா, வேறொன்றிடமிருந்து திருடுகிறதா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். செத்த உயிரை அறுத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. 1832-இல் அந்த அம்மையார் கண்ணாடித் தொட்டி செய்து, கடல்நீர் நிரப்பி, உயிருள்ள கணவாயை அதில் விட்டுக் கவனித்தார். ஓட்டை உடைத்தால் அது தானே ஒட்டுப்போட்டுக் கொள்வதைக் கண்டார். வழக்கு தீர்ந்தது. 1838-இல் அவருடைய சேகரிப்புகளை ஏற்றிச்சென்ற கப்பல் மூழ்கி, உழைப்பில் பெரும்பகுதி கடலோடு போயிற்று.

மற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த அன்னா தைன் அம்மையார். 1846-இல் டார்க்வே கடற்கரைக்குப் போனவர் அங்கே பாறையில் உயிருள்ள கல்பவளங்களைக் கண்டு, ஒரு சாடியில் கடல்நீரோடு லண்டனுக்கு எடுத்து வந்தார். லண்டனிலே கடல் ஏது? கொண்டுவந்த நீரைக் கெடாமல் வைத்திருக்க அவர் ஒரு வழி கண்டார். திறந்த சன்னலுக்கு முன்னால் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு, நாம் டீயை ஆற்றுகிறோமே அதுபோல, நீரை மாற்றி மாற்றி ஊற்றவேண்டும். ஒரு தடவைக்கு அரைமணி முதல் முக்கால் மணி நேரம். ஊற்றியவர் அம்மையார் அல்லர். அவர் வீட்டுப் பணிப்பெண். கை ஓய ஓய ஊற்றிய அந்தச் சிறு பெண்ணைப் பணிப்பெண் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதை மேலே போய்விடுகிறது. இன்றைய தொட்டிகளில் இராப்பகலாக ஓடும் காற்றுப் பம்பின் வேலையைச் செய்தவள் அவள்தான்.

அடுத்த ஆண்டு அம்மையார் உயிருள்ள கடற்பாசியையும் தொட்டியில் சேர்த்தார். வெளிச்சத்தில் பாசி உயிர்வளியை வெளிவிட்டது. பவளங்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வாழ்ந்ததோடு குஞ்சும் பெருக்கின. கடலிலிருந்து தொலைவில், வீட்டுக்குள் பவளம் வாழ்ந்த கதை இதிலிருந்து தொடங்குகிறது.

1850-இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார் இதே கருத்தை நன்னீரில் சோதித்து எழுதினார். தங்கமீன், நீர்ச்செடி இரண்டும் போதவில்லை. அழுகிய இலையைத் தின்ன நத்தையும் வேண்டியிருந்தது. மூன்றும் சேர்ந்தபோது நீர் தெளிந்து நின்றது. பிறகு வந்தவர் பிலிப் ஹென்றி காஸ். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் மக்கள் பார்க்கும் முதல் மீன் கூடம் திறக்கப்பட்டது. அதற்கு உயிர்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். மறு ஆண்டு அவர் எழுதிய நூலால்தான் 'அக்குவேரியம்' என்ற சொல் பரவியது. லத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு மாடு தண்ணீர் குடிக்கும் இடம் என்று பொருள் என்பார்கள். எங்கேயிருந்து எங்கே வந்திருக்கிறது பாருங்கள்!

கடற்கரைக்குப் போகமுடியாதவர்களுக்காகச் செயற்கைக் கடல்நீர் கலக்கும் வகையையும் காஸ் வெளியிட்டார். சாப்பாட்டு உப்போடு எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகியவை அதில் சேர்ந்தன. சமையல் உப்பை மட்டும் தண்ணீரில் கரைத்தால் அது கடல்நீர் ஆகாது என்பது 1854-இலேயே தெரிந்த செய்தி. இன்றைக்கும் அதைச் செய்து பார்த்து மீனைக் கொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள்.

1845-இல் இங்கிலாந்தில் கண்ணாடி மீதிருந்த வரி நீங்கிக் கண்ணாடி மலிந்திருந்தது. புகைவண்டிகள் கடற்கரை நகரங்களுக்கு ஓடின. ஆகவே காஸின் நூலைப் படித்தவர்களெல்லாம் வாளியும் உளியும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பிவிட்டார்கள். கிடைத்ததையெல்லாம் பெயர்த்து வந்து தொட்டியில் நிரப்பினார்கள். ஒரு வாரத்தில் நீர் பால்போலக் கலங்கும், எல்லாம் செத்துவிடும், மறுபடி வாளியோடு போவார்கள். சில ஆண்டுகளில் பாறை இடுக்குகள் வெறிச்சோடின. காஸின் மகன் எட்மண்ட் 1907-இல் வெளியிட்ட நூலில், தந்தை ஊருக்குக் காட்டிக்கொடுத்த அந்த அழகே அதனால் அழிந்துபோனதை வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்.

பொதுமக்களுக்கான பெரிய காட்சிக் கூடங்கள் இதற்குப் பிறகும் வளர்ந்தன. 1909-இல் சென்னை மெரினாவில் ஒரு கடல் மீன் காட்சிச்சாலை எழுந்தது. நமக்கு அருகே சிங்கப்பூரில் வான் கிளீஃப் என்ற டச்சுக்காரர் எழுதிவைத்த சொத்தைக் கொண்டு 1955-இல் ஒன்று திறக்கப்பட்டது. ஜொகூர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சிறு வயதில் பாலம் தாண்டிப் போய் அதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருப்பார்கள். 1998-இல் அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டுவிட்டது.

வீட்டுத் தொட்டிகளின் நிலைமை மட்டும் நெடுங்காலம் மாறவில்லை. 1950-களில்கூடப் பவளம் என்றால் சுண்ணாம்பு வெள்ளையாக வெளுத்த எலும்புக்கூட்டைத்தான் தொட்டியில் அலங்காரமாக வைத்தார்கள். உயிருள்ள பவளத்தை வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடியாது என்பதே பொதுவான நம்பிக்கை.

அந்த நம்பிக்கையைத் தகர்த்தவர் லண்டன்காரரும் அல்லர், நியூயார்க்காரரும் அல்லர். நம் பக்கத்துக் கடலின் அக்கரையில், ஜக்கார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர். 1961-இல் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழ் ஒன்றில் அவர் தம் முறையை எழுதினார். அதில் கருவிகள் ஏதும் பெரிதாக இல்லை. சுத்தமான கடல்நீர், போதிய வெளிச்சம், நீரை அசைக்கக் காற்றுக்குமிழி ஆகியவற்றோடு பவளத் திட்டிலிருந்து உயிரோடு எடுத்து வந்த கற்கள், அவ்வளவுதான். பாசியும் புழுவும் சிப்பியும் ஒட்டிய அந்தக் கற்களை மற்றவர்கள் அழுக்கு என்று வேகவைத்துக் கழுவினார்கள். லீ அவற்றை அப்படியே தொட்டிக்குள் வைத்தார். பவளம் வாழ்ந்தது. மேல்நாட்டில் பலர் நம்பவில்லை. அவருடைய கற்கள் போன்றவை கெடாமல் அவர்கள் கைக்குக் கிடைக்கவும் இல்லை. 1980-களில்தான் 'உயிர்ப்பாறை' என்ற பெயரில் அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எல்லாரும் கைக்கொள்ளும் முறையாயிற்று.

அந்தக் கல்லில் அப்படி என்ன இருக்கிறது? இதைத் தோட்டத்து மக்களுக்கு விளக்குவது எளிது. பால் வாளியில் உறைந்துவிடாமல் இருக்க அமோனியா விடுவார்களே, அந்த வாடை நமக்குப் பழக்கமானது. மூக்கில் ஏறினால் கண்ணீர் வரும். மீன்கள் தங்கள் செவுள் வழியாக ஓயாமல் வெளியேற்றுவது அதே அமோனியாவைத்தான். மிச்சமான இரை அழுகினாலும் அதுதான் உண்டாகிறது. பெருங்கடலில் அது கரைந்து போகும். சிறு தொட்டியிலோ, ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மில்லிகிராம்கூட வேண்டாம், அதற்குக் குறைவான அளவே மீனை வருத்தும். தைன் அம்மையாருக்கு முன்னால் செத்துப்போன உயிர்களில் எத்தனை மூச்சுத் திணறிச் செத்தன, எத்தனை இந்த நஞ்சால் செத்தன என்று யார் கணக்கெடுத்தார்?

1890-ஆம் ஆண்டு வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர், அமோனியாவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் இருப்பதைக் காட்டினார். ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டு ஆக்கும். அதுவும் நஞ்சே. இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டு ஆக்கும். அதன் கொடுமை குறைவு. இவை கண்ணுக்குத் தெரியாத தொழிலாளிகள். லீயின் கற்களில் குடியிருந்தவர்கள் இவர்கள்தாம். துளை நிறைந்த கல்லின் உட்புறத்தில், காற்று எட்டாத இடத்தில், நைட்ரேட்டையும் உடைத்து வெறும் நைட்ரஜன் காற்றாக வெளியேற்றும் வேறொரு கூட்டமும் உண்டு. கல்லை வேகவைத்தவர்கள் கூலியாட்களைக் கொன்றுவிட்டுத் தோட்டம் நடக்கவில்லையே என்று புலம்பினார்கள்.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் வளர்க்க வேண்டியது மீனை அன்று, இந்த நுண்ணுயிர்களை. 60 முதல் 100 லிட்டர் வரை கொள்ளும் தொட்டி போதும். அதைவிடச் சிறியது மலிவாகத் தோன்றினாலும் அதில் தவறு நேர்ந்தால் திருத்த அவகாசம் இருக்காது. 60 லிட்டர் நீருக்குக் கடையில் விற்கும் கடல் உப்புக் கலவை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் பிடிக்கும். முந்தின நாளே வேறு வாளியில் கரைத்து, ஹைட்ரோமீட்டரில் 1.025 என்று காட்டுகிறதா எனப் பார்த்த பிறகுதான் தொட்டியில் ஊற்றவேண்டும். குழாய்நீரில் உள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பதால் ஆர்.ஓ. முறையில் வடிகட்டிய நீரே நல்லது. தகரக் கூரையில் விழுந்த மழைநீர் வேண்டாம். அதில் கரையும் துத்தநாகம் நத்தைக்கும் பவளத்துக்கும் ஆகாது. செம்பு கலந்த மீன் மருந்தும் அப்படியே.

பாறையை அடுக்கி, நீரை ஓடவிட்டு, துளி இரை போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான்கு வாரம் ஆகலாம். ஆறு வாரமும் ஆகலாம். சோதனை மருந்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் இல்லை என்று காட்டும் நாள்வரை மீன் கூடாது. இடையில் கண்ணாடியெல்லாம் காவிநிறத்தில் ஒரு படலம் படரும். அதைக் கண்டு பயந்து தொட்டியைக் கொட்டிக் கழுவுகிறவர்கள் ஏராளம். அது தானாகவே குறையும். பச்சைப்பாசி தலைகாட்டும்போது இரண்டு மூன்று நத்தைகளை விட்டால் போதும். வாரிங்டன் கண்டுபிடித்த அதே வைத்தியம்.

நாம் செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறோம். தொட்டி நீர் நாளுக்கு ஒரு விரற்கடை குறைகிறதே என்று உப்புநீரையே கரைத்துக் கரைத்து இரண்டு வாரம் ஊற்றினோம். முதலில் நத்தைகள் மேலேறி ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றன. பிறகு ஒவ்வொன்றாக விழுந்தன. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது என்பது உப்பளத்தைப் பார்த்த எவருக்கும் தெரியும். தெரிந்தும் நமக்கு உறைக்கவில்லை. குறைந்த நீருக்கு ஈடாக நல்ல நீர்தான் ஊற்றவேண்டும். வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை வெளியே எடுத்துவிட்டுப் புது உப்புநீர் ஊற்றுவது வேறு கணக்கு.

நம் நாட்டு வெப்பத்தில் இன்னொரு தொல்லை உண்டு. பவளத்தின் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து, வெளிச்சத்தில் உணவு செய்து அதற்கு ஊட்டுகிறது. நீர் 30 பாகைக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பவளம் அந்தப் பாசியைத் துரத்திவிட்டு வெளுத்துப்போகும். கடலிலும் இன்று நடப்பது இதுவே. சிறிய மின்விசிறி ஒன்றை நீரின் மேல் ஓடவிட்டால் இரண்டு மூன்று பாகை குறையும். எல்.ஈ.டி. விளக்கு வந்தபின் விளக்கின் சூடும் குறைந்துவிட்டது.

மீன் வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இது கடலில் பிடித்ததா, வளர்ப்பில் பிறந்ததா? 1960-களில் பிலிப்பைன்சில் பவளத் திட்டுகளில் சயனைடு பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் தொடங்கிப் பிற கடல்களுக்கும் பரவியது. அப்படிப் பிடித்த மீன் கடையில் நன்றாக நீந்தும். வீட்டில் சில நாளில் சாகும். மீன் ஒன்று பிடிபட, சுற்றியுள்ள பவளம் மொத்தமும் பாழாகும். கோமாளி மீனை 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மார்ட்டின் மோ என்பவர் தொட்டியிலேயே குஞ்சுபொரிக்க வைத்துக் காட்டினார். இன்று வளர்ப்பில் பிறந்த கோமாளி மீன் எளிதாகக் கிடைக்கிறது. சிறு தொட்டிக்கு ஒரு சோடி போதும். இரண்டையும் சிறியனவாக வாங்கினால் கவலையில்லை. எல்லாமே ஆணாகத் தொடங்கி, வலுத்தது பெண்ணாகிக்கொள்ளும்.

பவளத்திலும் வெட்டி வளர்த்த துண்டுகள் விற்கின்றன. காளான் பவளம், தோல் பவளம் போன்ற மெல்லுடல் வகைகளே முதலில் ஏற்றவை. பொத்தான் பவளம் பார்க்க அழகு. ஆனால் அதில் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவோ தேய்க்கவோ கூடாது. ஆவியே ஆளைச் சாய்க்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம் என்பது நம் கருத்து. தியோமான், ரெடாங், பாயார் போன்ற கடல் பூங்காக்களுக்குச் சுற்றுலா போகிறவர்கள் அங்கிருந்து செத்த பவளத் துண்டைக்கூட எடுத்து வரக்கூடாது. 1985-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் அதைத் தடுக்கிறது.

எல்லாம் அமைந்து மூன்று மாதமான தொட்டியைப் பகலில் பார்ப்பதைவிட இரவில் பார்க்கவேண்டும். விளக்கை அணைத்து அரைமணி நேரம் போகட்டும். டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொண்டு, பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு மெல்ல ஒளியைக் காட்டுங்கள். பகலெல்லாம் வெறுங்கல்லாகக் கிடந்த பாறையின் ஒவ்வொரு துளையிலிருந்தும் ஏதோ ஒன்று வெளியே வந்திருக்கும். மயிரிழை போன்ற புழுக்கள், அரிசி நொய் அளவில் கூனிறால் போன்ற பூச்சிகள், நூல்போன்ற கைகளை நீட்டும் சின்னஞ்சிறு நட்சத்திர மீன்கள். இவற்றை நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டீர்கள். கல்லோடு வந்தவை அவை.